மறு: பிராண்ட் சென்டிமென்ட்டுக்குத் தமிழில் என்ன? ‘பேச்சுநோட்டம்’ சரிப்படுமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். பிராண்ட் சென்டிமென்ட், அதாவது ஒரு கடையைப் பற்றி வெளியில் நடக்கும் பேச்சு சாதகமா பாதகமா என்று பார்ப்பது, அதற்குப் ‘பேச்சுநோட்டம்’ என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘உணர்வுப் பகுப்பாய்வு’ ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

இருக்கிறது ஐயா, ‘சென்டிமென்ட் அனாலிசிஸ்’ என்பதற்குக் கட்டுரைகளில் இருக்கிறது. நான் தமிழாக்கிக்கொண்டிருப்பது கட்டுரை இல்லை, ஒரு மென்பொருளின் திரை. கூகுள் ரிவ்யூ, இன்ஸ்டா, யூடியூப், எக்ஸ் என்று ஒரு கடையின் பெயர் பொதுவில் அடிபடுகிற இடத்தையெல்லாம் அலசி, அந்தப் பேச்சு கடைக்குச் சாதகமா பாதகமா என்று செயற்கை நுண்ணறிவை வைத்துத் தரம் பிரித்துக் காட்டும். அதைப் பார்க்கப்போகிறவர் வடசென்னையில் எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், ராயபுரத்தில் பிரியாணிக்கடை வைத்திருப்பவர். ‘உணர்வு’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை எதற்கு அமுக்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது.

அப்படியென்றால் ‘சென்டிமென்ட்’ என்றே போட்டுவிடலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். அது இன்னும் வம்பு. வண்ணாரப்பேட்டையில் சென்டிமென்ட் என்றால் முதல் போணியைக் கடனுக்குக் கொடுக்காதது, அமாவாசைக்குக் கடை வாசலில் பூசணிக்காய் உடைப்பது. ‘உங்கள் சென்டிமென்ட் இந்த வாரம் இறங்கிவிட்டது’ என்று திரையில் வந்தால் மனுஷர் பரிகாரம் தேடிப் போய்விடுவார்.

விஷயம் என்னவென்றால், இந்த மென்பொருள் உணர்வை அளப்பதே இல்லை. 2002இல் போ பாங், லிலியன் லீ, சிவகுமார் வைத்தியநாதன் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இந்தத் துறையில் எல்லாரும் காட்டுவார்கள், அதிலேயே வேலை என்னவென்று பார்த்தால், திரை விமர்சனங்களைக் கணினியிடம் கொடுத்து, எழுதியவருக்குப் படம் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கண்டுபிடிக்கச் சொன்னதுதான். அழுதாரா சிரித்தாரா என்று கேட்கவில்லை. தீர்ப்பு என்ன என்றுதான் கேட்டார்கள். கடைக்காரர் கேட்பதும் அதையேதான்: ‘நம்ம கடைக்கு வெளியில என்ன பேரு?’

> தொல்காப்பியத்தின் ‘மெய்ப்பாடு’ இருக்க வேறு சொல் தேடுவானேன்?

ஆசை எனக்கும் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டும் அழகாக வரிசையில் நிற்கின்றன. ஆனால் மெய்ப்பாடு உடம்பில் தெரிய வேண்டியது. முகமே இல்லாமல் பூப்படத்தை வைத்துக்கொண்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் மெய்க்கு எங்கே போவது? ஆனால் நகை பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாக வரும் ‘எள்ளல்’ இருக்கிறதே, அதை நான் விடமாட்டேன். குத்தலாக எழுதியதைத் தனியாகப் பிரிக்கும் பொத்தானுக்கு அதுதான் சொல்.

நம் ஏரியாவில் எள்ளல் இல்லாமல் எவன் கமெண்ட் போடுகிறான்? பிரியாணிக்கடைப் பக்கத்தில் ஒருவர் எழுதியது: ‘பீஸ் தேட ஒரு பூதக்கண்ணாடியும் குடுத்தா இன்னும் நல்லாருக்கும், செம கடை பா’. பழைய முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண் வைத்துக் கூட்டுவார்கள், அதில் ‘செம’ பிளஸ், ‘நல்லா’ பிளஸ், ஆக மொத்தம் கடைக்குப் பாராட்டு விழா. தலைகீழாகவும் நடக்கும். ‘மரண மாஸ்’, ‘வெறித்தனம்’ இரண்டும் அகராதிப்படி போலீஸ் கேஸ், தெருவில் உச்சகட்டப் புகழ்ச்சி. ‘சோக்கா கீது’, ‘பேஜாரு’, ‘கலீஜு’ எல்லாம் ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் வரும். பெரிய மொழி மாதிரிகள் (சாட்ஜிபிடி போன்றவற்றை ஓட்டுகிறவை) வாக்கியத்தை முழுசாகப் பார்ப்பதால் முன்னைவிடத் தேவலை, இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

அதனால்தான் ‘நோட்டம்’ என்கிறேன். சௌகார்பேட்டைப் பக்கம் பழைய ஆட்களைக் கேளுங்கள், காசு நல்ல காசா கள்ளக் காசா என்று பார்ப்பது நோட்டம், பார்ப்பவர் நோட்டக்காரர். தெருவில் நோட்டம் விடுவது என்றால் என்ன நடக்கிறது என்று ஒரு கண் வைத்திருப்பது. கவனிப்பது, மதிப்பிடுவது என்று இந்த மென்பொருள் செய்யும் இரண்டு வேலையும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. ஆகவே முழுத் தொழிலுக்கும் பேச்சுநோட்டம், அதில் வரும் மதிப்பெண்ணுக்குச் சாய்வு. (கண்ணோட்டம், மேலோட்டம் எல்லாம் ‘ஓட்டம்’ வகையறா, அவற்றை இங்கே இழுக்க வேண்டாம்.) ‘சாய்வுமானி’ என்று யாரோ கேட்டிருந்தீர்கள், சரிவை அளக்கிற கருவிக்கு அது ஏற்கனவே போய்விட்டது.

அப்புறம் ‘நடுநிலை’, சாதகத்திலும் பாதகத்திலும் சேராததற்கு இந்த மென்பொருள்கள் வழக்கமாக வைக்கும் பெயர். இதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. ‘ஞாயித்துக்கிழமை கடை உண்டா?’ என்று கேட்டவர் என்ன நடுநிலை வகித்தார்? மென்பொருளுக்குப் பிடிபடாததையெல்லாம் அந்தப் பெட்டியில் தள்ளிவிட்டு நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2020இல் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கமெண்டுகளை ஆய்வாளர்கள் தரம் பிரித்தபோது, சாதகம், பாதகம் போக, கலவையானது ஒரு வகை, மனநிலை தெரியாதது ஒரு வகை, தமிழே அல்லாதது ஒரு வகை என்று வைத்தார்கள். அது நேர்மை. என் திரைக்கு மெச்சல், குறை, கலவை, பிடிபடவில்லை என்று நான்கு போடுகிறேன். ‘பிரியாணி சூப்பர், பார்சல்ல தால்சாவ காணோம்’ கலவையில் போகும், கடைக்காரர் தால்சாவைக் கவனிப்பார்.

– தண்டையார்பேட்டையிலிருந்து

———

அண்ணா, சாய்வு, மெச்சல், குறை எல்லாம் பிடித்திருக்கிறது. நோட்டம்தான் உறுத்துகிறது. ‘பூட்டிய வீட்டை நோட்டமிட்டுத் திருடிய கும்பல்’ என்று பேப்பரில் படித்துப் பழகியவர்கள் நாம். ‘சமூக ஊடகக் கண்காணிப்பு’ என்று கௌரவமாகப் போகக்கூடாதா? இல்லையென்றால் ‘அலர்’ எடுக்கலாம், ஊர் முழுக்கப் பேசுவதுதானே அது.

– பெரம்பூரிலிருந்து

———

தங்கச்சி, கண்காணிப்பு என்றதும் எனக்குக் கண்ணுக்கு வருவது எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்துக்கு மேலே தொங்கும் கேமரா. அது பார்க்கும், நல்லது கெட்டது சொல்லாது. அலர் அருமையான சொல், ஆனால் அகப்பாட்டில் அலர் என்றால் தலைவியைப் பற்றிய பழிப்பேச்சு. ஒரு கடையைப் பாராட்டி நூறு பேர் எழுதினால் அதை அலர் என்று சொல்ல வாய் வராது. சிலர் மட்டும் முணுமுணுப்பது அம்பல், ஊரே பேசுவது அலர் என்று ஒரு பாகுபாடு உண்டே, ஒரு புகார் பரவ ஆரம்பிக்கும்போது அடிக்கிற எச்சரிக்கை மணிக்கு ‘அம்பல்’ என்று வைக்கலாம், அங்கே பழி என்ற பொருளும் பொருந்தும்.

திருட்டு வாடையைப் பற்றி: அது முழுக்கப் போகாது, போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. தன்னை ஒரு மென்பொருள் படித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல்தான் ஜனங்கள் எழுதுகிறார்கள், அதற்குக் கௌரவமான பெயர் எதற்கு? அதுவும் நோட்டம் எட்டும் தூரம் கொஞ்சம்தான். வெளி மென்பொருள்கள் பதிவுகளை எடுத்துப் படிக்க இருந்த இலவச வழியை எக்ஸ் 2023இல் அடைத்தது, ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் எது பரவுகிறது என்று காட்டிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது, காசிமேட்டில் ஒரு கடையின் பேர் கெடுவது பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப்பில், அதற்குள் இது நுழையவே முடியாது.

பொத்தானில் இடம் குறைவு, ‘பேச்சுநோட்டம்’ ஒரே வரியில் அடங்குகிறது, ‘சமூக ஊடகக் கண்காணிப்பு’ மூன்று வரிக்கு மடிகிறது. வேறு ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதற்குப் பிறகு கோப்பை அனுப்பிவிடுவேன்.