ஒட்டிக்கொண்ட கையேட்டைப் பிரிக்க வழி தேவை

வணக்கம். ஜாஸ் கலைஞர்கள் மைல்ஸ் டேவிஸும் ஜான் கோல்ட்ரேனும் 1955 முதல் 1961 வரை கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சேர்ந்து வாசித்தவற்றின் ஆறு சிடி தொகுப்பு, 2000-இல் வந்தது. முதல் சம்பளத்தில் ஈப்போவில் வாங்கிய என் முதல் ஜாஸ் பெட்டி. விட்டுவிட மனம் வரவில்லை.

வீடு சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி. கடந்த நவம்பர் மழையில் அலமாரிச் சுவர் ஓதம் கண்டது. சிடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியோடு வந்த கையேட்டின் வழவழப்பான தாள்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காற்றாடிக்கு அடியில் வைத்தேன், சிலிக்கா ஜெல்லுடன் டப்பாவில் மூடினேன், பலனில்லை. ஓரத்தை மெல்லத் தூக்கினாலே மை எதிர்ப்பக்கத்தோடு பிய்ந்து வருகிறது; ஒரு படத்தில் சாக்ஸபோனின் வாய்ப்பகுதி வெள்ளையாகிவிட்டது. அச்சகத்தில் கைவிரித்துவிட்டார்கள். சிலர் ஆவி காட்டச் சொல்கிறார்கள், எனக்குத் துணிவில்லை.

இப்படி ஒட்டிய பளபளப்புத் தாளை அச்சு பெயராமல் பிரித்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?