பல் மருத்துவமனைக்கு நீர்ச்சேதக் காப்பீடு

கேள்வி: வேளச்சேரியில் வாடகைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் பல் மருத்துவமனை நடத்துகிறேன். வெள்ளம் புகுந்தாலோ மேல்மாடிக் குழாய் உடைந்தாலோ சிகிச்சை நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே கருவி ஆகியவற்றுக்கு இழப்பீடு தரும் பாலிசி எது?

பதில் 1: டாக்டர், சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால், 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள, குறுந்தொழில்களுக்கான பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா பாலிசியைக் கேளுங்கள், புயல், வெள்ளம் ஆகியவற்றுடன் தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் வெடித்தோ வழிந்தோ ஏற்படுத்தும் சேதமும் அதில் அடங்கும். கட்டடம் உரிமையாளருடையது என்பதால், உங்கள் கருவிகளையும் நீங்கள் செய்த உள்வேலைகளையும் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

பதில் 2: காப்பீட்டுத் தொகையாக, கருவிகளை வாங்கிய பழைய விலையை எழுதிவிடாதீர்கள். இன்று புதிதாக வாங்க ஆகும் தொகையை எழுதுங்கள். நீங்கள் எழுதிய தொகை அதைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் குறைவாக இருந்தால் இழப்பீடும் விகிதப்படி குறையும்.

கேட்டவர்: நன்றி. சுவரில் மெல்லக் கசியும் நீருக்கு?

பதில் 1: நாள்பட்ட கசிவு திடீர் விபத்தாகக் கருதப்படாது. அதை உரிமையாளரிடம் எழுத்துமூலம் தெரிவித்து, மழைக்காலத்துக்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள்.