தட்டுப்பாடும் மிகுதியும்: பாஸ்பரஸ் குறித்து ஓர் ஐயம்

கேள்வி:
பாஸ்பரஸ் உரத்துக்கு மூலமான பாஸ்பேட் பாறை வெட்ட வெட்டக் குறைந்து வருகிறது, உர உற்பத்திக்குத் தட்டுப்பாடு வரும் என்று ஒருபுறம் படிக்கிறேன். அதே பாஸ்பரஸ் ஏரிகளில் அளவுக்கு மீறிச் சேர்ந்து பாசியைப் பெருக்குகிறது என்றும் படிக்கிறேன். இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாகும்? பாஸ்பரஸ் வந்து சேர்வதை நிறுத்தினால் ஏரி தானே தெளிந்துவிடாதா?

மறுமொழி 1:
இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நைட்ரஜன் மீண்டும் காற்றில் கலந்துவிடும்; பாஸ்பரஸுக்கு அந்த வழி ஏறக்குறைய இல்லாததால், சுரங்கத்திலிருந்து வயலுக்கும், அங்கிருந்து உணவு, கழிவு வழியாக நீருக்கும் ஒரே திசையில் போய்ச் சேர்கிறது. 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் கனடாவில் 226ஆம் எண் ஏரியை நடுவே திரை கட்டிப் பிரித்து, இரு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒன்றில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தனர். அந்தப் பாதி மட்டுமே பாசி படர்ந்து பச்சையாயிற்று.

மறுமொழி 2:
உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏரி உடனே தெளியாது. அடிவண்டலில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பேட், அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் விடுபட்டு மேலே வரும். பல ஆண்டுகளாக உரமிட்ட வயல் மண்ணும் மழைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அமெரிக்காவும் கனடாவும் 1972-இல் ஒப்பந்தம் செய்து, சலவைத்தூளிலும் கழிவுநீரிலும் பாஸ்பரஸைக் குறைத்ததால் இரு நாட்டு எல்லையில் உள்ள ஈரி ஏரி தேறியது. பின்னர் வயல்களிலிருந்து கரைந்து வந்த பாஸ்பரஸால் பாசி திரும்பியது. 2014 ஆகஸ்டில், பாசி உண்டாக்கிய நச்சு கலந்ததால், அந்த ஏரி நீரைப் பயன்படுத்தும் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தார் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்கக் கூடாதென எச்சரிக்கப்பட்டனர். அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

மறுமொழி 3:
ஏரியோடு பேச்சை நிறுத்திவிடக் கூடாது. உரத்துக்காகப் பாஸ்பேட் பாறையிலிருந்து ஒரு டன் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கையில் சுமார் ஐந்து டன் பாஸ்போஜிப்சம் மிஞ்சுகிறது. சிறிதளவு கதிரியக்கம் கொண்ட அந்தக் கழிவு ஆலைகளுக்கு அருகே மலையாகக் குவிந்து கிடக்கிறது. மறுபக்கம், கழிவுநீர் நிலையக் குழாய்களை அடைக்கும் ஸ்ட்ரூவைட் என்னும் பாஸ்பரஸ் கொண்ட வெண்படிவைத் திட்டமிட்டுப் படியச் செய்து பிரித்தெடுத்தால், அது மெதுவாகக் கரையும் நல்ல உரம். ஜெர்மனியில் பெரிய கழிவுநீர் நிலையங்களுக்கு 2029 முதல் பாஸ்பரஸ் மீட்பு கட்டாயம். ஆனாலும் மண் பரிசோதனை செய்து, ஏற்கெனவே நிலத்தில் இருப்பதைக் கணக்கில் கொண்டு, உரத்தை மேலே தூவாமல் மண்ணுக்குள் இடுவதையே நான் முதலில் வலியுறுத்துவேன். வயலை விட்டு வெளியேறிய பின் அதைத் திரும்பப் பிடிப்பது மிகவும் கடினம்.