போர்தான் முடிந்துவிட்டதே!

பெரியப்பா: *பலமுறை பகிரப்பட்டது* "சிரியா அதிபர் அசாத் ஓடிவிட்டார், போரும் முடிந்தது, சிரியா அகதிகள் ஓசிச் சோற்றுக்காகவே ஊர் திரும்பவில்லை."

பெரியப்பா: கவிதா, நீ ஜோர்டானில்தானே இருக்கிறாய், இது உண்மையா?

கவிதா: பெரியப்பா, அசாத் போனது 2024 டிசம்பரில். அதற்குப் பிறகு பத்து லட்சம் பேருக்கு மேல் திரும்பிவிட்டார்கள். போகாதவர்களுக்குப் போக வீடு இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா? எங்கள் கீழ்வீட்டு அக்கா சிரியாவில் தெரா ஊர்க்காரர். வீட்டுக்குக் கூரையே இல்லையாம், வயலில் கண்ணிவெடி இருக்குமோ என்று வேறு பயம்.

சித்தி: ஜோர்டானில் டென்ட்டில் சும்மா இருப்பதற்குச் சொந்த ஊருக்கே போகலாமே?

கவிதா: டென்ட்டா? ஜோர்டானில் பெரும்பாலானவர்கள் வாடகை வீட்டில்தான், சித்தி. 2012இல் திறந்த சாத்தாரி முகாமில்கூட இப்போது தகரப் பெட்டி வீடுகள், நடுவே ஒரு கடைத்தெரு. அக்கா ஊரில் டீச்சர். இங்கே வெளிநாட்டவர் செய்யக்கூடாத வேலைகளில் அதுவும் ஒன்று. கத்தரிக்காயில் வால்நட் அடைத்து எண்ணெயில் ஊறவைக்கும் மக்தூஸ் போட்டு விற்கிறார், வாடகைக்கு அது எந்த மூலைக்கு?

செந்தில்: லெபனானில் இன்னும் மோசம் என்றார்களே, அக்கா?

கவிதா: ஆமாம்டா. அங்கே அரசு சொன்னதால் 2015 மே மாதமே ஐநா அகதிகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஆளுக்கு 200 டாலர் கேட்டார்கள், அதற்கு எங்கே போவது? காகிதம் இல்லாத அப்பா சோதனைச் சாவடிக்குப் பயந்து வீட்டோடு கிடப்பார், பெக்கா பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு பொறுக்கப் போவது பிள்ளைகள். அர்சால் என்ற மலையூரில் 2019இல் அகதிகள் ஒரு மீட்டருக்கு மேல் எழுப்பிய கான்கிரீட் சுவரையெல்லாம் இடிக்கச் சொன்னார்கள், அதற்கு மேல் தார்ப்பாய்தான். பனி கொட்டும் ஊர் அது.

பெரியப்பா: இடுப்பளவு சுவரா! ஏன் அப்படி?

கவிதா: சுவர் எழும்பினால் நிரந்தரமாகிவிடுவார்களோ என்ற பயம். 1948இல் அகதிகளாக வந்த பாலஸ்தீனர்கள் இன்னும் அங்கேதான். லெபனான்காரர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது, 2019இலிருந்து அவர்கள் பணமே பேங்கில் முடங்கிக் கிடக்கிறது.

சித்தி: சரி, அந்த அக்கா என்ன செய்யப் போகிறார்?

கவிதா: கணவர் மட்டும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தார்கள். ஒருமுறை எல்லை தாண்டினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று தெரியாமல் தயங்குகிறார்கள். பையனுக்கு இந்த வருடம் தவ்ஜிஹி, நம் ப்ளஸ் டூ மாதிரி. அது முடியட்டும் என்கிறார்.

பெரியப்பா: நான் இதை நம் தெரு குழுவிலும் போட்டுவிட்டேனே. எப்படி அழிப்பது?

செந்தில்: எப்போது போட்டீர்கள்?

பெரியப்பா: போன வாரம்.

செந்தில்: இனி எல்லோருக்கும் அழியாது, பெரியப்பா. கவிதா அக்கா எழுதியதையும் அங்கே போடுங்கள்.