48 வோல்ட் சோலார் பேட்டரிக்கு எந்த ஃபியூஸ்?

செராஸ் தெரஸ் வீடு:
வணக்கம். 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், பேரலலில் இரண்டு 51.2 வோல்ட் (48 வோல்ட் வகை) 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் 125 ஆம்பியர் ஏசி எம்சிபி (தானாக விழும் பிரேக்கர்) போதும் என்கிறார் பொருத்த வந்தவர். பேட்டரிக்குள் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணு பலகை) இருக்கும்போது ஃபியூஸ் வேறு தேவையா?

பூடு வயர்மேன்:
அந்த எம்சிபி வேண்டவே வேண்டாம். ஏசி கரண்ட் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். பிரேக்கர் திறக்கும்போது கிளம்பும் தீப்பொறி அப்போதுதான் அணையும். பேட்டரி தரும் டிசியில் பூஜ்யம் வராது, பொறி நின்று எரியும்.

கணக்கு இதுதான். 5000 வாட்டை 46 வோல்ட்டாலும் (பேட்டரி இறங்கியபோது) இன்வெர்ட்டரின் 0.92 எஃபிஷியன்சியாலும் வகுத்தால் 118 ஆம்பியர். பாதுகாப்புக்காக அதை 1.25-ஆல் பெருக்கினால் 148. மெயினுக்கு 150 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ், 50 சதுர மி.மீ. செம்பு கேபிள். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனியாக 125 ஆம்பியர், அதுவும் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். ஒன்றில் ஷார்ட் ஆனால் மற்றது அதற்குள் கரண்டைக் கொட்டும். மெயின் ஃபியூஸுக்கு அது தெரியாது.

பட்டர்வொர்த் சோலார்:
பிஎம்எஸ்ஸில் கரண்டை வெட்டுவது மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச். அது பழுதானால் பெரும்பாலும் ஷார்ட்டாகவே நின்றுவிடும், பிறகு வெட்ட ஆளில்லை. உங்கள் பேட்டரி ஒன்றின் உள்தடை 10 மில்லி ஓம் என்று வைத்தாலும் ஷார்ட்டில் 5,000 ஆம்பியர் ஓடும். இரண்டும் சேர்ந்தால் 10,000. கார் ஆடியோ கடையில் கிடைக்கும் ஏஎன்எல் ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்குத்தான், இங்கே உதவாது. கிளாஸ் டி 20,000 ஆம்பியர் வரை தாங்கி வெட்டும். டிசி வோல்ட் எவ்வளவு என்று ஃபியூஸ் மேலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

செராஸ் தெரஸ் வீடு:
நன்றி அண்ணா. சர்வீஸுக்காக ஆஃப் பண்ண டிசி எம்சிபி வைக்கலாமா? கடையில் காட்டியதில் பிளஸ், மைனஸ் போட்டிருக்கிறது.

பூடு வயர்மேன்:
பிளஸ், மைனஸ் போட்டது ஒரு திசைக்கு மட்டும். பேட்டரியிலோ சார்ஜ் ஒரு பக்கம், டிஸ்சார்ஜ் மறுபக்கம். எதிர்த்திசையில் திறந்தால் பொறியை அணைக்காது, பெட்டியே எரியும். போலாரிட்டி இல்லாததைக் கேளுங்கள், இல்லாவிட்டால் டிசி ஐசொலேட்டர் (கையால் திறக்கும் சுவிட்ச்) போதும். கூரைக்கடியில் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் எம்சிபி குறித்த ஆம்பியருக்கு முன்பே விழும்.

பட்டர்வொர்த் சோலார்:
இன்னொன்று. கேபிள் லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) நேராக ஃபியூஸ் தகட்டில் படியவேண்டும், வாஷர் அதற்கு மேலே. லக்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஸ்டீல் வாஷர் போனால் அந்த இடம் சுடும், ஹோல்டர் பிளாஸ்டிக் பழுப்பாகும், லோடு குறைவாக இருந்தாலும் ஃபியூஸ் போகும். டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) ஹோல்டர் தாளில் சொன்ன அளவுக்கு முறுக்கி, முழு லோடில் அரைமணி ஓடியபின் தெர்மல் கேமராவால் இரு முனையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.