மறு: வெள்ளைக் காடு, பச்சைக் காடு: ஓடுதகவா, கடப்பெளிமையா?

அன்பின் நண்பர்களுக்கு,

வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒஸ்லோக் காட்டில் ஓரியன்டீரிங் (படமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடித்து ஓடும் விளையாட்டு) ஓடப்போகிறார்கள். படத்தின் குறிவிளக்கத்தைத் தமிழில் கொடுப்பது இதுவே முதல்தடவை. அதில் வரும் 'runnability' என்ற சொல்லுக்கு, அதாவது ஓரிடத்தில் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்ற அளவுக்கு, 'ஓடுதகவு', 'கடப்பெளிமை' என்று இரண்டு சொற்கள் உங்களிடமிருந்து வந்தன.

> பச்சை என்றால் மரம், வெள்ளை என்றால் வெளி. இதற்கு ஏன் புதுச்சொல்?

இந்தப் படத்தில் அப்படி இல்லை, அதுதான் சிக்கல். போன வருடம் என் மகள் பைன் மரங்களுக்கு நடுவே நின்று, "அப்பா, நான் வெளியிலயெல்லோ நிக்கவேணும்?" என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் நின்ற இடம் படத்தில் வெள்ளை. வெட்டவெளிக்கு மஞ்சள், தடையில்லாமல் ஓடக்கூடிய காட்டுக்குத்தான் வெள்ளை. இளம்பச்சையில் வழக்கமான வேகத்தில் 60 முதல் 80 விழுக்காடு, அடுத்த பச்சையில் 20 முதல் 60, கரும்பச்சையில் 20-க்கும் கீழே. படம் வரைபவர் மரங்களை எண்ணுவதில்லை. காட்டுக்குள் நடந்து பார்த்து, இங்கே எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று முடிவுசெய்து நிறம் போடுகிறார். அந்த அளவுக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

ஆகவே சொல்லில் ஓட்டம் இருக்கவேண்டும். 'கடப்பெளிமை' அழகான சொல்தான். ஆனால் கடப்பது என்றால் வேலியை, ஓடையை, பாறை விளிம்பைக் கடப்பது. கடக்கக்கூடியது, கடக்கமுடியாதது என்று அவற்றுக்குத் தனிக் குறிகளே உண்டு.

> 'ஓடுதகவு' வினைத்தொகை. ஓடுவது காடா?

குடிநீரில் நீரா குடிக்கிறது? ஆடுகளத்தில் களமா ஆடுகிறது? விமான நிலையத்து ஓடுதளம் நின்ற இடத்தில்தானே நிற்கிறது!

இந்தப் படத்துக்கே பெயராக ஐயா முன்வைத்த 'ஆற்றுப்படம்' என்னையும் இரண்டு நாள் மயக்கியது. ஆறு என்றால் வழி. மலைபடுகடாம் என்ற ஆற்றுப்படை நூல் வழியிலுள்ள பாம்பையும் வழுக்குப்பாறையையும் சொல்லி எச்சரிக்கிறதே, இந்தப் படமும் அதைத்தானே செய்கிறது! ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆறு என்றதும் நதிக்குப் போட்ட நீலநிறக் கோட்டைத்தான் தேடும். ஓரியன்டீரிங்குக்குக் 'குணக்கோட்டம்' வேண்டாம், ஐயா. குணக்கு என்றால் கிழக்கு. மூலச்சொல்லான 'orient'-இல் கிழக்கு ஒளிந்திருப்பது உண்மை. ஆனால் 1886-இல் சுவீடன் படைப்பள்ளியில் அந்தச் சொல் வந்தபோது, படமும் திசைகாட்டியும் கொண்டு அறியாத நிலத்தைக் கடப்பதையே குறித்தது. படத்தில் கோடு போடுவதும் காந்த வடக்குக்குத்தான். தவிர, குணக்கு என்றால் கோணல் என்றும் பொருள் உண்டே.

'map' என்பதற்கு நிலப்படமா, தேசப்படமா என்ற தமிழ்நாட்டு, இலங்கைப் பழைய சண்டையை இங்கே இழுக்கவேண்டாம். சமவுயரக்கோடு இரு கரைக்கும் பொது. அது போதும்.

சரி, பெரும்பாலோர் 'ஓடுதகவு' என்கிறீர்கள். அப்படியே போடுகிறேன். 'தகவு' பிள்ளைகளுக்குப் புரியாது என்று மட்டக்களப்பு நண்பர் இன்னும் மறுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் கீழே 'எவ்வளவு வேகமாக ஓடலாம்' என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

மிஞ்சியிருப்பது கரும்பச்சை. 'முட்டுக்காடு' என்றால் சென்னைக்காரர் படகுத்துறைக்குப் போய்விடுவார். 'இறும்பு' குறுங்காட்டைக் குறிக்கும் சங்கச் சொல், அதை விட மனமில்லைதான். ஆனால் முள்ளும் கொப்பும் முகத்தில் அடிக்க, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நுழையும் இடத்தை எங்கள் அம்மா 'பற்றை' என்றுதான் சொல்லுவார். என் வாக்கு பற்றைக்காட்டுக்கு. மாற்றுக் கருத்து இருந்தால் புதன் இரவுக்குள் எழுதுங்கள்.