பொண்ணு ஹைஸ்கூல் சியர்லீடிங் ட்ரையவுட் (சியர் டீமுக்கு ஆள் எடுக்கிற தேர்வு) போகணும்ங்கிறா, மூணு வாரம் தான் இருக்கு, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

டாலஸ்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டாலஸ் பக்கம் இருக்கோம். பொண்ணு இப்போ எட்டாவது, வர்ற ஆகஸ்ட்ல ஹைஸ்கூல் போறா. போன வாரம் ஒரு கத்தை ஃபார்மை கொண்டு வந்து டைனிங் டேபிள்ல வச்சுட்டு அம்மா சியர் ட்ரையவுட்டுக்கு பேர் குடுக்கணும் நீ கையெழுத்து போடுன்னு நிக்கிறா. அதான், மேட்ச்ல ஆடி, குதிச்சு, கூட்டத்தை சேர்ந்து கத்த வைக்கிற டீம். டாக்டர்கிட்ட ஃபிசிக்கல் எடுக்கணும், மார்க் ஷீட் வேணும், மூணு டீச்சர்கிட்ட எவாலுவேஷன் வாங்கணும், அப்புறம் கான்ஸ்டிடியூஷன்னு டீம் ரூல்ஸ் ஒண்ணு பன்னெண்டு பக்கத்துக்கு, அதுல எல்லா பக்கத்துலயும் நாங்களும் அவளும் இனிஷியல் போடணுமாம்.

ஏழு வருஷமா பரதநாட்டியம் கத்துக்கிறா, சலங்கை பூஜை முடிஞ்சது. ஆனா ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கமே போனதில்ல. கார்ட்வீல் (பக்கவாட்டு குட்டிக்கரணம்) நல்லா வருது, ரவுண்டாஃப் (அதே மாதிரி, ஆனா கால் ரெண்டும் சேர்ந்து இறங்கணும்) பாதி வருது, பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் (பின்பக்கமா தாவி கையை ஊனி எழுந்திரிக்கிறது) சுத்தமா வராது. கூட ட்ரை பண்ற பிள்ளைங்க எல்லாம் அஞ்சு வயசுலருந்து சியர் ஜிம் போறவங்க. எங்க வீட்டுக்காரர் வேணாம்னு தான் சொல்றாரு, ட்ரெஸ் ஒரு காரணம், படிப்பு போயிடும்ங்கிறது இன்னொரு காரணம், கீழ விழுந்து கழுத்துல அடிபட்டா என்ன பண்றதுங்கிறது மூணாவது. எனக்கு அந்த மூணாவது தான் பயம். அதை விட பெரிய பயம், கிடைக்கலன்னா அவ உடைஞ்சு போயிடுவாளோன்னு. தினம் சாயந்திரம் கராஜுல நின்னு சத்தம் போட்டு பழகுறா, இவ்வளவு ஆசையா எதையும் அவ கேட்டதே இல்ல. என்ன தான் பார்ப்பாங்க, எப்படி தயார் பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஹூஸ்டன்_கலா:

சிஸ், என் பொண்ணு ஃப்ரெஷ்மேன் (ஒன்பதாவது பிள்ளைங்க டீம்), ஜேவி (ரெண்டாம் நிலை டீம்), வார்சிட்டி (ஸ்கூலோட மெயின் டீம்) மூணுலயும் இருந்தா, அதனால நாலு வருஷம் இந்த ஃபார்ம் எல்லாம் நானும் நிரப்பியிருக்கேன். முதல்ல அந்த கத்தைக்குள்ள ஸ்கோர் ஷீட் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கோச்சுக்கு மெயில் போட்டு கேளுங்க, பேரன்ட் மீட்டிங்ல குடுப்பாங்க. ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அது வேற வேற. சில ஸ்கூல்ல வார்சிட்டிக்கு பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் கட்டாயம்னு எழுதியே போட்டிருப்பாங்க, ஃப்ரெஷ்மேனுக்கு பல இடத்துல அப்படி இல்ல, இருந்தா கூடுதல் பாயிண்ட் அவ்வளவுதான். உங்க ஸ்கூல்ல டம்ப்ளிங்குக்கு (இந்த குட்டிக்கரணம் எல்லாம் சேர்த்து) எத்தனை பாயிண்ட்னு தெரியாம அதை நினைச்சு தூக்கத்தை கெடுத்துக்காதீங்க.

நடக்கிறது இப்படித்தான் இருக்கும். ரெண்டு மூணு நாள் கிளினிக்னு பயிற்சி, அதுல இப்போ இருக்கிற சீனியர் பிள்ளைங்க ஒரு சியர், ஒரு சான்ட், ஒரு சின்ன டான்ஸ் கத்து குடுப்பாங்க. கடைசி நாள் நம்பர் ஒட்டி ரெண்டு மூணு பேரா ஜட்ஜஸ் முன்னாடி அனுப்புவாங்க. ஜட்ஜஸ் பெரும்பாலும் வெளியிலருந்து வர்றவங்க, பிள்ளைங்க யாருன்னு அவங்களுக்கு தெரியாது. கதவைத் தாண்டி உள்ள ஓடி வர்ற அந்த நிமிஷத்துலருந்தே பார்ப்பாங்க, சிரிச்ச முகமா கத்திக்கிட்டே வரணும். ஜம்ப்ல டோ டச், ஹெர்க்கி, பைக் இதுல ரெண்டோ மூணோ கேட்பாங்க. நடுவுல ஸ்டெப் மறந்துட்டா நின்னு முழிக்கக்கூடாது, சிரிப்பை விடாம அடுத்த கவுண்ட்ல சேர்ந்துக்கணும், என் பொண்ணு முதல் வருஷம் ரெண்டு எட்டு கவுண்ட் மொத்தமா மறந்துட்டா, ஆனாலும் செலக்ட் ஆனா.

இன்னொண்ணு, நகை எதுவும் கூடாது. மூக்குத்தி, தோடு, கையில கோயில் கயிறு எல்லாம் கழட்டணும். மூக்கு இப்பத்தான் குத்தினதுன்னா துளை மூடிடும், அதை முன்னாடியே யோசிச்சுக்கோங்க. நகம் ஒட்ட வெட்டணும், தலையை இழுத்து உயரமா கட்டணும்.

காசு விஷயமும் சொல்லிடறேன், யாரும் வெளிப்படையா சொல்ல மாட்டாங்க. யூனிஃபார்ம், ஷூ, தலையில கட்டுற ரிப்பன் போ, வார்ம் அப் ட்ரெஸ், பேக், சம்மர் கேம்ப் எல்லாம் சேர்த்து எங்களுக்கு முதல் வருஷமே ஆயிரம் டாலருக்கு மேல போச்சு. செலக்ட் ஆன ரெண்டு வாரத்துக்குள்ள பாதி கட்டணும்னு சொன்னாங்க. முடியாதவங்களுக்கு தவணையும் உண்டு, ஃபண்ட்ரெய்சரும் உண்டு, கூச்சப்படாம கேளுங்க.

முன்னாள்_பேஸ்:

ஆன்ட்டி நான் இப்போ காலேஜ் ரெண்டாவது வருஷம், ஹைஸ்கூல்ல மூணு வருஷம் சியர் பண்ணேன், அதுக்கு முன்னாடி நானும் பரதநாட்டியம் தான்! அதனால உங்க பொண்ணுக்கு எது ஈசியா வரும் எது கஷ்டம்னு எனக்கு நல்லாவே தெரியும்.

ஈசி என்னன்னா தாளம். எட்டு கவுண்ட் எல்லாம் நமக்கு ஆதி தாளம் மாதிரி, ஒரு தடவை கேட்டா ஏறிடும். ஸ்டெப் ஞாபகம் வச்சுக்கிறது, முகத்துல பாவம் காட்டறது, கண்ணை ஆடியன்ஸ் மேல வைக்கிறது, இதெல்லாம் புதுசா வர்ற மத்த பிள்ளைங்களுக்கு வாரக்கணக்குல ஆகும், இவளுக்கு ஏற்கனவே இருக்கு.

கஷ்டம் கை தான் ஆன்ட்டி. நாம ஏழு வருஷமா மணிக்கட்டை வளைச்சு வளைச்சு பழகியிருப்போம், அலபத்மம் கடகாமுகம்னு. சியர்ல மணிக்கட்டு வளையவே கூடாது, முஷ்டி பிடிச்சு கட்டை விரலை வெளிய மடக்கி முழங்கை நேரா லாக் ஆகணும், கையை வீசவும் கூடாது, டக்குனு போய் டக்குனு நிக்கணும். ஹை வி, அதாவது கை ரெண்டையும் V மாதிரி மேல விரிச்சு போடும்போது, ரெண்டும் காதுக்கு கொஞ்சம் முன்னாடி, நேரா பார்க்கும்போதே ஓரக்கண்ணுல ரெண்டு முஷ்டியும் தெரியணும், பின்னாடி போயிடக்கூடாது. கண்ணாடி முன்னாடி தினம் பத்து நிமிஷம் ஹை வி, லோ வி (அதே V கீழ்ப்பக்கமா), டி (கை ரெண்டும் பக்கவாட்டுல), டச்டவுன் (கை ரெண்டும் நேரா மேல), திரும்ப ஹை வி, இதை மட்டும் பண்ண சொல்லுங்க. கையில ஒரு கிலோ வெயிட் வச்சுக்கிட்டு பண்ணா இன்னும் சீக்கிரம் வரும். எங்க கோச் முதல்ல என்கிட்ட சொன்னதே உன் கை ரொம்ப அழகா இருக்கு அதுதான் பிரச்சனைன்னு.

அரைமண்டி உட்கார்ந்த காலு இருக்கே, அது சாதாரணமில்ல. ஸ்டண்ட்ல, அதாவது ஒருத்தியை மத்தவங்க தூக்கிப் பிடிக்கிறதுல, ஃப்ளையர்னு மேல நிக்கிற பொண்ணைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க, எல்லா பிள்ளைங்களும் ஃப்ளையர் ஆகணும்னு தான் வருவாங்க. நானும் அப்படித்தான் போனேன், என்னை கீழ நின்னு தூக்குற பேஸா போட்டாங்க, ஒரு வாரம் அழுதேன். அப்புறம் ஒரு நாள் மேல நின்னவ சரிஞ்சு வந்தப்போ நானும் எதிர் பக்கத்து பேஸும் பின்னாடி நின்ன பேக்ஸ்பாட்டும் சேர்ந்து அவ தலை தரையில படாம பிடிச்சோம், அதுக்கப்புறம் ஃப்ளையர் ஆகணும்னு நான் கேட்டதே இல்ல. உங்க பொண்ணு தொடை பலத்தோட வந்தா பேஸுக்கு ரொம்ப நல்லது, எங்க ஸ்கூல்ல பேஸுக்கு எப்பவும் ஆள் பத்தாது. அதனால எங்க வேணா நிக்கிறேன்னு சொல்ல சொல்லுங்க, மனசார சொல்லணும்.

குரல் அடிவயித்துலருந்து வரணும். தொண்டையிலருந்து கத்துனா மூணாவது நாள் குரலே இருக்காது. கீச்சு குரல் வேணாம், கனமா தாழ்வா வரணும், ஒவ்வொரு வார்த்தையும் உடைஞ்சு தெளிவா விழணும்.

ஆஸ்டின்_அப்பா:

சகோதரி, உங்க வீட்டுக்காரர் நிலைமைல நானும் இருந்தேன், அதனால எழுதறேன். பொம்பளை பிள்ளைங்களை வெளியில நிறுத்தி ஆட வைக்கிற விஷயம்னு தான் நானும் நினைச்சிருந்தேன். அப்புறம் தேடிப் படிச்சேன். இது ஆரம்பிச்சது 1898-ல மினசோட்டா யூனிவர்சிட்டியில, டீம் தோத்துக்கிட்டே இருக்குதுன்னு ஜானி கேம்ப்பெல்னு ஒரு ஸ்டூடன்ட் கூட்டத்துக்கு முன்னாடி போய் நின்னு எல்லாரையும் சேர்ந்து கத்த வச்சார். அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் ஆம்பளைங்க மட்டும்தான் பண்ணாங்க, பொண்ணுங்க 1920-கள்ல தான் உள்ள வந்தாங்க, ரெண்டாம் உலகப்போருக்கு பையனுங்க போனப்போ தான் முழுசா அவங்க கைக்கு வந்துச்சு. அமெரிக்க பிரசிடென்டா இருந்த ஐசன்ஹோவர், ரீகன், ஜார்ஜ் புஷ் ஜூனியர் எல்லாருமே படிக்கும்போது சியர்லீடரா இருந்தவங்க தான். 2021-ல ஒலிம்பிக் கமிட்டியே இதோட உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் குடுத்திருக்கு.

இதுல உங்க டாலஸுக்கு பெரிய பங்கு இருக்கு. லாரன்ஸ் ஹெர்க்கிமர்னு ஒருத்தர், டாலஸ்ல படிச்சவர், 1948-ல ஹன்ட்ஸ்வில்ல முதல் சியர் கேம்ப் நடத்தினார், வந்தது 52 பொண்ணுங்களும் ஒரே ஒரு பையனும். உங்க பொண்ணு பழகுற ஹெர்க்கி ஜம்ப் அவர் பேர்ல வந்தது தான். ஒரு கால் நேரா ஒரு கால் மடங்கி இருக்கும்ல, ஸ்பிலிட் போடப் போய் அப்படி வந்ததுன்னு சொல்வாங்க.

ட்ரெஸ் விஷயத்துக்கு, யூனிஃபார்ம் போட்டோ பேரன்ட் மீட்டிங்ல காட்டுவாங்க, அவரையும் கூட்டிட்டு போங்க. உள்ள முழுக்கை பாடிலைனர் போடலாமா, குளிர் காலத்துல என்னன்னு அவரே கேட்கட்டும். படிப்புக்கு டெக்சஸ்ல சட்டமே இருக்கு, 1984-லருந்து. ஒரு பாடத்துல 70-க்கு கீழ போனா கேம்ல நிக்க முடியாது. என் பொண்ணு கெமிஸ்ட்ரியில 71 வாங்கினப்போ நான் ஒரு வார்த்தை சொல்லல, அவளே உட்கார்ந்து ரெண்டு வாரம் படிச்சா.

பிசியோ_சுதா:

நான் பிசியோதெரபிஸ்ட், டீன் ஏஜ் பிள்ளைங்களை நிறைய பார்க்கிறேன். அடி பத்தி நேரா சொல்றேன். மொத்தத்துல பார்த்தா சியர்ல அடிபடற விகிதம் மத்த கேர்ள்ஸ் ஸ்போர்ட்ஸை விட குறைவு தான். ஆனா படுற அடியில பெரிய அடி, அதாவது தலை, கழுத்து, முதுகுத்தண்டுன்னு வர்றதுல, ஹைஸ்கூல் பொண்ணுங்க கணக்குல பாதிக்கு மேல சியர்லருந்து தான்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-ல எழுதின அறிக்கையிலயே இருக்கு. அதனால உங்க பயம் நியாயமானது. கோச்சுகிட்ட இதையெல்லாம் கேளுங்க: ஸ்டண்ட் எந்த தரையில பழகுறாங்க, வெறும் ஜிம் தரையிலயா மேட் மேலயா, கோச் ஸ்டண்ட் பாதுகாப்புக்கு ட்ரெய்னிங் எடுத்தவங்களா, அடிபட்டா பார்த்துக்கிற அத்லெடிக் ட்ரெய்னர் இருப்பாங்களா, தலையில இடிச்சா டாக்டர் சொல்ற வரைக்கும் உட்கார வைப்பாங்களா. இதைக் கேட்டா எந்த நல்ல கோச்சும் கோச்சுக்க மாட்டாங்க.

கை கூப்பி கேட்கிறேன், மூணு வாரத்துல பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் கத்துக்கணும்னு வீட்டு ட்ராம்போலின்லயும் புல் தரையிலயும் யூட்யூப் பார்த்து பண்ண விடாதீங்க. ஜட்ஜஸுக்கு அரைகுறை பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்கை விட கால் ரெண்டும் சேர்ந்து இறங்குற சுத்தமான ரவுண்டாஃப் நல்லா தெரியும். போன மார்ச்ல மட்டும் இப்படி அவசரப்பட்ட ரெண்டு பிள்ளைங்க மணிக்கட்டு கட்டோட என்கிட்ட வந்தாங்க, ரெண்டு பேரும் ட்ரையவுட்டே போகல.

டாலஸ்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஸ்கோர் ஷீட் கிடைச்சிடுச்சு, நூறுல டம்ப்ளிங்குக்கு 15 தான், அதுல ரவுண்டாஃபுக்கே கொஞ்சம் உண்டு. இவர் மீட்டிங்குக்கு வந்தார், சுதா சொன்ன கேள்வி எல்லாம் எழுதிட்டு வந்து அவரே எழுந்து கேட்டார், கோச் ஒவ்வொண்ணா பதில் சொன்னாங்க, திரும்பி வரும்போது கார்ல கையெழுத்து போட்டுட்டார். மூக்குத்தியை கழட்டி வச்சாச்சு. மதுரையிலருந்து வீடியோ கால்ல பார்த்த எங்க அம்மா ஏன் புள்ள இப்படி கத்துறான்னு பதறிட்டாங்க, அப்புறம் அவங்களும் உட்கார்ந்து ஒன் டூ த்ரீ எண்ணி குடுத்தாங்க. ரிசல்ட் அன்னைக்கு என்ன பண்றதுன்னு மட்டும் யாராவது சொல்லுங்க.

ஹூஸ்டன்_கலா:

அன்னைக்கு ராத்திரி நம்பர் மட்டும் வெப்சைட்ல போடுவாங்க. வீட்ல வச்சு பாருங்க, ஃப்ரெண்ட்ஸ் கூட்டமா உட்கார்ந்து பார்க்கிற இடத்துக்கு அனுப்பாதீங்க. போனை ஒரு ராத்திரி நீங்க வாங்கி வச்சுக்கோங்க. பென்சில்வேனியாவுல 2017-ல ஒரு பொண்ணு வார்சிட்டி கிடைக்காம ஜேவி கிடைச்ச கோபத்துல ஸ்னாப்சாட்ல கெட்ட வார்த்தை போட்டு, ஸ்குவாட்லருந்து ஒரு வருஷம் நீக்கி, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2021-ல அவ பக்கம் தான் 8-1ன்னு தீர்ப்பு வந்துச்சு, ஆனா அதுக்குள்ள அவ காலேஜுக்கே போயிட்டா. கோபத்துல டைப் பண்ற அந்த பத்து செகண்ட் தான் எல்லாம்.

டாலஸ்_அம்மா:

அப்டேட். 27 அவ நம்பர். லிஸ்ட்ல 24 இருந்துச்சு, 26 இருந்துச்சு, அப்புறம் 31. ரெண்டு தடவை ரீஃப்ரெஷ் பண்ணா, அப்புறம் ரூமுக்கு போயிட்டா. நானும் கூட போய் படுத்துக்கிட்டேன், எதுவும் பேசல. போனை அவளே எடுத்து என் கையில குடுத்துட்டா.

மறுநாள் ஸ்கூல் போக மாட்டேன்னா, இவர் தான் போய் கதவைத் தட்டி தோசை ஊத்திக் குடுத்து கூட்டிட்டு போனார். நாலு நாள் கழிச்சு கோச் ஸ்கோர் ஷீட் அனுப்பினாங்க. குரலுக்கு பத்துக்கு பத்து, டான்ஸுக்கு 19/20, கை மோஷன்ஸ் நல்லா இருந்துச்சு. டம்ப்ளிங்ல 15க்கு 4. ஜம்ப் உயரம் பத்தல. மொத்தத்துல மூணு பாயிண்ட்ல போச்சு. அந்த பேப்பரை மடிச்சு அவ கண்ணாடி ஓரத்துல சொருகி வச்சிருக்கா.

நேத்து வந்து கேட்கிறா, அடுத்த பிப்ரவரிக்குள்ள பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் வரணும்மா, டம்ப்ளிங் கிளாஸ் சேர்த்து விடு, பரதநாட்டியம் வெள்ளிக்கிழமை அதனால அன்னைக்கு மட்டும் வேணாம்னு. பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் பதினாலு வயசுல முதல்லருந்து ஆரம்பிக்கிற பிள்ளைங்களை சின்ன பிள்ளைங்களோட சேர்த்து நிறுத்தாம தனியா கத்து குடுக்கிற இடம் யாருக்காவது தெரியுமா? செவ்வாய் இல்லன்னா சனிக்கிழமை.